மூன்றாம் தரத்துக்கு முன்

படிவத்தில் கல்லறைக்குக் கட்டம் இல்லை.
கூரைத் தகடு முப்பத்திரண்டு, அதற்கு உண்டு.
கிணறு, வேலி, மின்கம்பம் எத்தனை அடியில், எல்லாவற்றுக்கும் உண்டு.
கிமிலிலியிலிருந்து மேற்கே ஏழு கிலோமீட்டர்,
இரண்டேகால் ஏக்கர்,
சாலையோரம் என்பதால் விலை கொஞ்சம் கூடும்.
கீழே காலியாக விட்ட இடத்தில்
பென்சிலால் எழுதினேன்: புதைகுழி மூன்று.
மே மாதம் அது. சோளம் முழங்கால் உயரம்.

வஃபுப்வா கடன் வாங்கியது மாவு மில்லுக்கு.
மில் ஓடத்தான் செய்தது. பிறகு
சாலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு மில் வந்தது,
அதுவும் அதே வங்கியின் கடனில்.

நான் வங்கியின் ஆள் இல்லை.
வங்கி கூலி கொடுத்து அனுப்பும் ஆள்.
இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை
வீட்டில் பலமுறை விளக்கியிருக்கிறேன்.

சட்டம் அவசரப்படாது.
தொண்ணூறு நாள் கெடு வைத்து ஒரு கடிதம்.
பிறகு நாற்பது நாளுக்கு இன்னொன்று.
பிறகு ஏலக்காரர் ஒட்டும் தாள், நாற்பத்தைந்து நாள்,
மில் கதவில் பசை காயுமுன் கோழி வந்து கொத்தியது.
தவணை தவறினால் விற்கலாம் என்ற வரி
பத்திரத்தின் பதினோராம் பக்கத்தில்
வஃபுப்வாவின் கையெழுத்துக்கு இரண்டு விரற்கடை மேலே
பணம் எண்ணிய நாளிலிருந்தே படுத்திருந்தது,
ஒரு சத்தம் காட்டாமல்.

ஏலத்தன்று வானம் இருட்டிக்கொண்டு நின்றது.
எல்டொரெட்டிலிருந்து ஒருவர் வந்திருந்தார், சேறு படாத ஷூ.
பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லோரும்
சட்டைப்பைக்குள் கையை விட்டபடி நின்றார்கள்.
கை தூக்காமல் இருக்க அது ஒரு வழி.

மகோகா தொண்டையைச் செருமினார்.
இருபத்தெட்டு லட்சம் ஷில்லிங்.
ஷூக்காரர் தலையசைத்தார்.
ஒரு தரம்.
அப்புறம்தான் அவருக்குக் கேட்கத் தோன்றியது:
"இங்கே எத்தனை பேர் புதைந்திருக்கிறார்கள்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் வாழைக்குப் பின்னால் பார்த்தேன்.
சிமெண்ட் பூசியவை மூன்று.
அவற்றோடு தோள் ஒட்டி
நேற்றில்லாத ஒரு பச்சை மண்மேடு,
தலைமாட்டில் இரண்டு குச்சி சேர்த்துக் கட்டிய சிலுவை.
நங்கீலா அதனருகே நின்றாள், அழவில்லை.
ராத்திரியின் கொப்புளங்களை
உள்ளங்கைக்குள் மூடியிருந்தாள்.

"இது யார்?"
"என் வீட்டுக்காரர்."
பக்கத்து நிலத்துக்காரர் ஒருவருக்கு இருமல் வந்தது,
நிற்கவே இல்லை.
கூட்டத்தின் கடைசியில்
யாருடைய தொப்பியையோ கண்வரை இழுத்துவிட்டு
ஒரு ஆள் தன் சாவை எட்டிப் பார்த்தான்.
முந்தாநாள் வெபுயே சந்தையில்
என்னிடம் நெருப்பு கேட்டவன்.

இந்தப் பக்கத்தில் புதுப் பிணத்தோடு நிலம் வாங்க
யாரும் துணிய மாட்டார்கள். விலை பேசலாம்,
வேலி போடலாம், ஆனால்
செத்தவனைக் காலி செய்யச் சொல்ல
எந்த நோட்டீசுக்கும் நாள்கணக்கு இல்லை.

எனக்குக் கணக்கு தெரியும்.
இருபத்தெட்டில் கடன் இருபத்துமூன்று போனால்
ஐந்து லட்சம் அவர்கள் கைக்கு வரும்.
ஏலம் கலையலாம், வட்டி கலையாது.
அடுத்த முறை விலை இருபதுக்கு இறங்கும்.
அப்போது மண்ணும் போகும், மேல்பாக்கியும் துரத்தும்.
இதை அவளிடம் சொல்பவனுக்கு
யாரும் கூலி வைத்திருக்கவில்லை.
அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்கு," என்றேன்.

ஷூ திரும்பி நடந்தது.
மகோகா இரண்டாம் தரத்தை
வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு குடையை விரித்தார்.
மழை பிடித்துவிட்டது. எல்லோரும் மில் தாழ்வாரத்துக்கு ஓட,
மேடு மட்டும் நனைந்து
ஓரத்தில் கரையத் தொடங்கியது.

தொப்பிக்காரன் ஓடவில்லை.
வாழையில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்து
தன் மேல் இன்னும் கொஞ்சம்
மண் அள்ளிப் போட்டான்.